கடவுள் மன்னிச்சாச்சு, அப்புறம் பனையேறி வீட்டுக்கு எதுக்குப் போகணும்?

14 பிப்ரவரி 2024, ராத்திரி (கேள்வி, வேற ஒருத்தர் போட்டது)

1 யோவான் 1:9ல பாவத்தை அறிக்கையிட்டா அவர் மன்னிப்பாருன்னு தெளிவா இருக்கு. ஆள்கிட்ட போய்ச் சொல்லு, வாங்கினதத் திருப்பிக் குடுன்னு அதுல ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் ஏன் சில பேர் ஈடு செய்யணும், ஒப்புரவாகணும்னு கிரியையைக் கொண்டுவந்து நுழைக்கிறீங்க? கடவுள் மறந்துட்ட பாவத்த நாம தோண்டி எடுக்கிறது அவிசுவாசம் இல்லையா?

14 பிப்ரவரி, 10.50

தம்பி, லேவியராகமம் 6ம் அதிகாரம் முதல் ஏழு வசனம் வாசிங்க. ஒருத்தன் அடுத்தவன ஏமாத்தி எடுத்துட்டான்னா முதலைத் திருப்பிக் குடுக்கணும், கூட அஞ்சுல ஒரு பங்கு சேர்த்துக் குடுக்கணும், அதுக்கப்புறம்தான் ஆட்டுக்கடாவப் பிடிச்சுக்கிட்டு ஆசாரியன்கிட்ட போகணும். வரிசையப் பாருங்க. முதல்ல ஆளு, அப்புறம் ஆடு. நாம ஆட்ட மட்டும் வச்சுக்கிட்டோம், அதுவும் இப்ப ஆடு கூட இல்ல, கண்ண மூடி ஒரு ஜெபம்.

மத்தேயு 5:23, 24லயும் அதே வரிசைதான். காணிக்கைய பலிபீடத்துக்கு முன்னால வச்சுட்டுப் போ, சகோதரன்கிட்ட ஒப்புரவாகு, அப்புறம் வா. இதக் கேட்டுக்கிட்டு இருந்தவங்க கலிலேயாக்காரங்க. பலிபீடம் இருந்தது எருசலேம்ல. நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல, எல்லாம் நடைதான். ஆட்ட அங்க கட்டிப்போட்டுட்டு ஊருக்கு நடந்து வந்து சமாதானம் பேசிட்டு திரும்ப நடன்னு சொல்றாரு. கேட்டவன் சிரிச்சிருப்பான்னு நினைக்கிறேன்.

(சாம்பல் புதனும் காதலர் தினமும் ஒரே நாள்ல வந்திருக்கு. காலைல ஆராதனை, சாயங்காலம் எங்க ஆபீஸ் பசங்க ரோஜாப்பூ. லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஆரம்பமே நல்லா இருக்கு.)

15 பிப்ரவரி

தம்பி விடல. சிலுவையில இருந்த கள்ளன் என்னத்தத் திருப்பிக் குடுத்தான், அவனுக்குப் பரதீசு கிடைக்கலயான்னு கேட்டிருக்காரு. நியாயம். ஆனா அவன் கை ஆணியில இருந்துச்சு. நம்ம கையில ஜிபே இருக்கு.

சரி, வசனத்துக்கு வசனம் எறிஞ்சுக்கிட்டே இருந்தா ஈஸ்டர் வரைக்கும் போகும். என் கதையச் சொல்றேன், இதுவரைக்கும் எங்கயும் எழுதினது இல்ல.

எங்க ஊரு சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டு (செம்மணல் காடு) ஓரம். அப்பா கருப்பட்டி கமிஷன் வியாபாரம். சீசன் ஆரம்பிக்கும்போது பனையேறிகளுக்கு முன்பணம் குடுப்பாரு, அத வாங்கினவங்க காய்ச்சின கருப்பட்டிய எங்க கடைக்குத்தான் போடணும், நாங்க சொல்றதுதான் விலை. இது அந்தப் பக்கம் எல்லாக் கடையிலயும் நடந்ததுதான், அதுக்குள்ள இப்பப் போகல. நான் சொல்ல வந்தது படிக்கல்லப் பத்தி.

இரும்புப் படிக்கல்லுக்கு அடியில ஒரு குழி இருக்கும், அதுல ஈயத்த ஊத்தி அதுமேலதான் சர்க்கார் முத்திர குத்துவாங்க. எங்க கடையில ரெண்டு அஞ்சு கிலோ கல்லு உண்டு. ஒண்ணு சரியானது. இன்னொன்னுல குழிய நோண்டி ஈயம் கூடுதலா அடைச்சிருக்கும், ஏறக்குறைய இருநூறு கிராம் கூட. வாங்கும்போது அந்தக் கல்லு, விக்கும்போது சரியான கல்லு. 'உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்'னு உபாகமம் 25:13ல இருக்குல்ல, ஓய்வுநாள் பள்ளியில மனப்பாடம் பண்ணும்போது எதுக்குடா பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணுன்னு புரியல. கடையில நின்ன அன்னைக்குப் புரிஞ்சுது. கல்லு பெருசா இருந்தா வாங்குறவனுக்கு லாபம், சிறுசா இருந்தா விக்கிறவனுக்கு லாபம். மோசே காலத்துலயே எங்க அப்பாவத் தெரிஞ்சு வச்சிருக்காங்க.

1994, 95, 96, மூணு சீசன் நான்தான் தராசு பிடிச்சேன். எனக்கு பதினெட்டு, பத்தொம்பது, இருபது வயசு. தெரிஞ்சுதான் பிடிச்சேன்.

15 பிப்ரவரி, கொஞ்சம் கழிச்சு

விட்டுப்போச்சு. கடைக்குப் போட்ட பனையேறி ஏழெட்டு பேரு. அதுல ஒருத்தரு எங்க கோயில்லயே பின்னால தூண் ஓரமா உக்காருவாரு. அப்பா சேகர கமிட்டி (சபை நிர்வாகக் குழு) மெம்பர், முன் பெஞ்சு. சனிக்கிழமை எடை, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் முட்டிபோட்டு ஒரே பாவ அறிக்கை. நான் சொல்லப்போறது அவரப் பத்தி. மத்தவங்கள்ல ரெண்டு பேரு குடும்பம் எங்க போச்சுன்னே தெரியல.

18 பிப்ரவரி, ஞாயிறு

இன்னைக்கு திருவிருந்து. பக்கத்துல இருந்தவருக்கு ஒண்ணும் தெரியாது, நான் மட்டும் உள்ளுக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன். ஆங்கிலிக்கன் சபையோட 1662 ஜெபப் புஸ்தகத்துல திருவிருந்துக்கு முன்னால வாசிக்க ஒரு நீண்ட புத்திமதி உண்டு. அதுல நீ யாருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா உன்னால முடிஞ்ச மட்டும் ஈடு செய்யத் தயாரா இருந்துட்டு வான்னு வெளிப்படையாவே இருக்கு. நான் பொறந்ததுல இருந்து அந்தப் பகுதிய யாரும் வாசிச்சுக் கேட்டதில்ல. சுருக்கமான அழைப்புதான் வாசிப்பாங்க. நேரம் ஆகிடும்ல, பன்னண்டு மணிக்கு பிரியாணி.

ஒரு அக்கா கேட்டிருக்காங்க, கத்தோலிக்கருக்கு பாவசங்கீர்த்தனத்துல பரிகாரம்னு ஒண்ணு இருக்கே, அதுதானே நீங்க சொல்றதுன்னு. கிட்டத்தட்ட. ஆனா சாமியார் அஞ்சு பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டா எடைக்கல்லு பாரம் குறையுமான்னு தெரியல. திருடினதத் திருப்பிக் குடுக்கணும்னு அவங்க போதனையிலயும் இருக்கு, எத்தன பேரு செய்றாங்கங்கிறது வேற. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க ஒரே மாதிரிதான், அதுல சந்தேகமே வேண்டாம்.

21 பிப்ரவரி

கணக்கு. நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, கையச் சும்மா வச்சுக்கிட்டு இருக்க முடியல.

அவரு வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோ போடுவாரு. அஞ்சஞ்சு கிலோவா பத்து தடவ எடை. பத்து இருநூறு, ரெண்டு கிலோ. சீசன் பதினாறு வாரம், முப்பத்திரெண்டு கிலோ. மூணு சீசன், 96 கிலோ. அன்னைக்கு விலைக்குக் குடுத்தா அது இன்னொரு ஏமாத்து, அதனால இன்னைக்கு விலை. ஒரிஜினல் கருப்பட்டி கிலோ முன்னூறுன்னு வச்சுக்கிட்டா (அதுக்கு மேலயே விக்குது) 28,800 ரூபா. லேவியராகமத்துப்படி அஞ்சுல ஒண்ணு சேர்த்தா 34,560. லூக்கா 19ல ஏமாத்தி வாங்கினத நாலத்தனையாத் திருப்பித் தர்றேன்னு சொன்ன வரி வசூல்காரன் சகேயு மாதிரின்னா 1,15,200.

நான் 34,560ல நின்னுட்டேன். சகேயு பணக்காரன், எனக்கு வீட்டு லோன் இருக்கு.

22 பிப்ரவரி

ஒருத்தர் நல்லாப் பிடிச்சாரு. நாலத்தனைங்கிறது யாத்திராகமம் 22:1ல ஆட்டத் திருடி வித்தவனுக்கு, இல்ல கொன்னவனுக்கு உள்ள அபராதம். திருடின ஆடு உயிரோட கையில அகப்பட்டா ரெட்டிப்பு. தானா வந்து ஒத்துக்கிட்டவனுக்குத்தான் முதலும் அஞ்சுல ஒரு பங்கும். அப்படின்னா தானா ஒத்துக்கிட்டா மோசே தள்ளுபடி குடுத்திருக்காரு. சகேயுவும் தானா ஒத்துக்கிட்ட ஆளுதான், அந்தத் தள்ளுபடிய வாங்கியிருக்கலாம். வாங்கல. பிடிபட்ட கள்ளனோட ரேட்ட தனக்குத் தானே போட்டுக்கிட்டான்.

முப்பது வருஷமா சகேயு பிரசங்கம் கேட்டிருக்கேன், எல்லாம் மரத்துல ஏறினதப் பத்தியும் குள்ளமா இருந்ததப் பத்தியும்தான்.

23 பிப்ரவரி

ஐயோ, கணக்கு தப்பு. ஓலைக் கழிவ மறந்துட்டேன். கருப்பட்டி பனையோலையில கட்டின சிப்பமா வரும், பத்து கிலோ சிப்பத்துக்கு ஓலைக்குன்னு ஒரு கிலோ கழிப்போம். ஓலை அரை கிலோ கூட வராது. ஆக சிப்பத்துக்கு அரை கிலோ, வாரத்துக்கு ரெண்டரை, சீசனுக்கு நாப்பது, மூணு சீசனுக்கு 120. கல்லுல எடுத்தது 96, ஓலையில எடுத்தது 120. ஓலையிலதான் அதிகம்! இத்தன நாளா கல்லுதான் பாவம்னு நினைச்சு அழுதிருக்கேன், ஓலைக் கழிவு 'வழக்கம்'ங்கிறதால அது கணக்குலயே வரல.

மொத்தம் 216 கிலோ. 64,800. அஞ்சுல ஒண்ணு 12,960. ஆக 77,760.

26 பிப்ரவரி

ஒருத்தர் பேரு சொல்லாம அனுப்பிடுங்க, பெயர் தெரியாத நண்பர்னு போட்டு, வலதுகை செய்றது இடதுகைக்குத் தெரிய வேண்டாம்னு வசனம் இருக்கேன்னு சொல்றாரு. எனக்கும் அதுதான் ஆசை. ஆனா அந்த வசனம் தர்மத்துக்கு. கடன தர்மம் மாதிரி குடுக்கக் கூடாது. வாங்கினவன் நன்றி சொல்லிக்கிட்டு இருப்பான், அது அடுத்த திருட்டு.

சவுல் ராஜாவத்தான் நினைச்சேன். 1 சாமுவேல் 15. ஒண்ணும் மிச்சம் வைக்காதன்னு கர்த்தர் சொல்லியும், அமலேக்கியர அடிச்சுட்டு நல்ல ஆட்ட மட்டும் வச்சுக்கிட்டு, 'கர்த்தருடைய வார்த்தைய நிறைவேத்திட்டேன்'னு வந்து நிக்கிறான். அப்படின்னா காதுல விழுற ஆட்டுச் சத்தம் என்னன்னு சாமுவேல் கேக்குறாரு. பலியப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், காலண்டர்ல போடுவாங்க. நான் சொல்றது 30ம் வசனம். பாவஞ்செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு அடுத்த மூச்சுல, மூப்பருக்கு முன்னால என்னக் கனம்பண்ணும்னு கேக்குறான். மனந்திரும்பணும், ஆனா மானம் போகக்கூடாது.

பேரு சொல்லாம அனுப்பலாமான்னு யோசிச்ச நான் அந்த ஆளுதான். இன்னும் ஆட்டுச் சத்தம் கேக்குது.

27 பிப்ரவரி

தாவீது பத்திச் சண்ட போட்டிருக்கீங்க. சங்கீதம் 51:4, 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து'. அப்ப உரியா, தாவீது அவன் மனைவிய எடுத்துக்கிட்டு சாகடிச்ச ஆளு? அவனுக்கு விரோதமா இல்லையா? இந்த வசனம் எனக்கும் தொண்டையில முள்ளு மாதிரி. உரியா செத்துட்டான், திருப்பிக் குடுக்க இடமே இல்ல, அந்த இடத்துல நின்னு ஒருத்தன் கத்துனதுன்னு இப்போதைக்கு எடுத்துக்கிறேன். உயிரோட இருக்கிற ஆளுகிட்ட போகாம இருக்க அத சாக்கு சொல்லக்கூடாது. இதுல நான் உறுதியா இல்ல, அடிக்காதீங்க.

யூதர்களோட மிஷ்னாவுல யோமாங்கிற பகுதியில இருக்கு: கடவுளுக்கு விரோதமான பாவத்துக்குப் பாவநிவாரண நாள் போதும், மனுஷனுக்கு விரோதமானதுக்கு அவன சமாதானப்படுத்துற வரைக்கும் அந்த நாள் செல்லாது. மத்தேயு 5 பேசுறதும் இதே ஊர்ப் பேச்சுதான்.

3 மார்ச்

நாளைக்கு ரயில் ஏறுறேன். செந்தூர் எக்ஸ்பிரஸ், டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல நின்னுச்சே, அதே வண்டி. கூட ஒரு சின்ன விஷயம், சிரிக்காதீங்க. மன்னிப்பு கேக்குறதுக்கு வசனம் எழுதிப் பாத்தேன், எல்லாமே பிரசங்கம் மாதிரி வருது. அடிச்சுட்டேன்.

அந்தப் பனையேறி இப்ப இல்ல. 2009லயே இறந்துட்டாரு. இத இவ்வளவு நாள் எழுதாம விட்டதுக்குக் காரணம் இருக்கு, அவரு உயிரோட இருக்கும்போது பதிமூணு வருஷம் எனக்கு டைம் இருந்துச்சு. அவரு மக நாசரேத் (நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்) பக்கம் இருக்காங்க, டெய்லர் வேல. எண்ணாகமம் 5:8ல வாங்கிக்கிற ஆள் இல்லாட்டி சுதந்தரவாளி, அவனும் இல்லாட்டி ஆசாரியன்கிட்ட குடுன்னு இருக்கு. தப்பிக்க வழியே வைக்கல பாத்துக்கோங்க.

6 மார்ச்

போனேன்.

தையல் மிஷினுக்கு முன்னால உக்காந்திருந்தாங்க, பள்ளிக்கூட யூனிபார்ம் குவிஞ்சு கிடந்துச்சு. இன்னார் மகன்னு சொன்னதும் எந்திரிக்கல, நாற்காலியக் காட்டினாங்க. நான் கல்லு, ஓலை, மூணு வருஷம், கிலோ எல்லாம் சொல்லி கவர நீட்டினேன். மிஷின் சக்கரத்துல கைய வச்சுக்கிட்டே கேட்டாங்க.

"அப்பாவுக்குத் தெரியும்"னாங்க.

கடைக்கு வர்றதுக்கு முன்னால ஊர்ல இன்னொரு கடையில எடை போட்டுப் பாத்துட்டுத்தான் வருவாராம். முன்பணம் வாங்கியாச்சு, என்ன பேச முடியும். குறைஞ்ச கிலோவுக்கு ஒரு கோடு, வீட்டு மண் சுவர்ல, பதநீக் கலயத்துக்குத் தடவுற சுண்ணாம்புல. "நான் ஒண்ணு ரெண்டு எண்ணப் படிச்சதே அந்தச் சுவத்துலதான் அண்ணாச்சி. மூணு வருஷம்னா சொல்லுதீங்க? எங்க அண்ணன் பொறந்த வருஷத்துல இருந்து கோடு கிடந்துச்சு. பதினோரு வருஷம்."

அதாவது 1986ல இருந்து. நான் தராசு பிடிக்கிறதுக்கு முன்னால எட்டு வருஷம்.

பணத்த வாங்கிக்கிட்டாங்க. எண்ணினாங்க, ரெண்டு தடவ. மிஷின் டிராயர்ல வச்சுப் பூட்டினாங்க. நான் போகாம நின்னேன், எதுக்கு நின்னேன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

"அது இப்ப கேக்காதீங்க"ன்னாங்க.

அப்புறம், "உங்க அப்பா இருக்காவளா?"

இருக்காங்கன்னேன். தலைய ஆட்டிட்டு மிஷின மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

7 மார்ச்

ஒண்ணு சொல்லாம விட்டேன், பஸ்ல வரும்போது ஞாபகம் வந்துச்சு. 1996 சீசன் கடைசியில அந்தப் பனையேறி மரத்துல இருந்து விழுந்து இடுப்பு போச்சு, அதோட பனையேத்தம் நின்னுச்சு. அப்ப அப்பா கோயில்ல வச்சு ரெண்டாயிரம் ரூபா உதவி குடுத்தாங்க. அறிவிப்புல வாசிச்சாங்க. நான் பெருமையா உக்காந்திருந்தேன்.

8 மார்ச்

அந்தப் பொம்பள மன்னிக்கலேன்னு நாலு பேரு கோவப்பட்டு எழுதியிருக்கீங்க. மத்தேயு 18ஐ முழுசா ஒட்டியிருக்கீங்க. பதினாயிரம் தாலந்து கடன் பட்டவன் நூறு வெள்ளிக்காசுக்காக உடன் வேலைக்காரன் தொண்டையப் பிடிச்ச கதை. ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரி (அந்த வெள்ளிக்காசுதான்)ன்னு வச்சா ஆறு கோடி தெனாரி, அதுக்கு நூறு, ஆறு லட்சத்துக்கு ஒண்ணு. தெரியும், நானும் அக்கவுண்ட்ஸ்தான்.

ஆனா அத யாரு யாருக்கு வாசிக்கிறது? நான் அவங்க வீட்டு வாசல்ல நின்னு, அக்கா மத்தேயு 18 தெரியுமான்னு கேட்டா அத என்னன்னு சொல்லுவீங்க? கடன்காரன்னு தமிழ்ல குடுத்தவனையும் சொல்றோம் வாங்கினவனையும் சொல்றோம், அதனால குழப்பம் போல. வாங்கின கடன்காரன் அந்த உவமைய கையில எடுக்கக் கூடாது. லூக்கா 17:3ல மனஸ்தாபப்பட்டா மன்னின்னு இருக்கு, சரி. நான் மனஸ்தாபப்பட்டேன்னு நான் சொன்னா போதுமா, அவங்க முப்பது வருஷம் பாக்காத ஆளு நான், நாப்பது நிமிஷத்துல நம்பணுமா?

இன்னொன்னு. அந்த வீட்டுக்கு நான் போனதே எதுக்குன்னு ரயில்ல யோசிச்சேன். குடுக்கப் போனேனா, வாங்கப் போனேனா. பணத்தக் குடுத்துட்டு மன்னிப்ப வாங்கிட்டு வரலாம்னு போயிருக்கேன். அங்கயும் வியாபாரம்.

9 மார்ச்

மேல எழுதினத திரும்ப வாசிச்சேன், ரொம்பத்தான் என்னையே அடிச்சிருக்கேன், அதுலயும் ஒரு சுகம் இருக்கு. யூதாஸ் ஞாபகம் வந்துச்சு. அவனும் திருப்பிக் குடுத்தான்ல! முப்பது வெள்ளிக்காசு, ஒண்ணும் குறைக்காம. மத்தேயு 27:3ல மனஸ்தாபப்பட்டான்னே இருக்கு. அப்படின்னா நான் 14ம் தேதில இருந்து அடிச்சுப் பேசினது, திருப்பிக் குடுத்தா அது மனந்திரும்புதல்னு, அது பாதிதான். தம்பி, உங்க கேள்வியில கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். யூதாஸ் பணத்தக் குடுத்துட்டு தனியாப் போயிட்டான். பேதுரு மூணு தடவ மறுதலிச்சான், குடுக்க ஒண்ணும் இல்ல, அழுதான், ஆனா கூட்டத்த விட்டுப் போகல, மீன் பிடிக்கப் போனாலும் கூட்டமாத்தான் போனான்.

கிரேக்கத்துல மெத்தனோயான்னா மனசு மாறுறது, எபிரேயத்துல ஷுவ்னா திரும்பி நடக்கிறது. தமிழ்ல மொழிபெயர்த்தவங்க ரெண்டையும் ஒரே வார்த்தையில போட்டு மனம் திரும்புதல்னு வச்சுட்டாங்க. லூத்தர் 1517ல எழுதின 95 கூற்றுகள்ல முதலாவதே, விசுவாசியோட வாழ்க்க முழுசும் மனந்திரும்புதலா இருக்கணும்ங்கிறதுதான். ஒரு தடவ முன்னால வந்து கை தூக்கினதோட முடியலன்னு அர்த்தம். கன்வென்ஷன் பந்தல்ல நான் நாலு தடவ முன்னால போயிருக்கேன், 1995லயும் போனேன், அந்த வருஷமும் சனிக்கிழமை அதே கல்லுதான்.

17 மார்ச்

அப்பாகிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு கேட்டதுக்கு வந்த பதில் எல்லாம் வாசிச்சேன். பாதிப் பேரு, உன் தகப்பனைக் கனம்பண்ணு, எண்பத்திரெண்டு வயசு, நிம்மதியாப் போகட்டும்ங்கிறீங்க. பாதிப் பேரு, நிம்மதியாப் போகணும்னாதான் சொல்லணும்ங்கிறீங்க. ரெண்டுமே சரியாத்தான் படுது, அதான் தூக்கம் வரல.

பிலேமோனுக்குப் பவுல் எழுதினது மட்டும் கூடக் கொஞ்சம் உதவுச்சு. உன் அடிமை ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தா என் கணக்குல வச்சுக்கோ, நான் தீர்ப்பேன், இது என் சொந்தக் கையெழுத்துன்னு எழுதுறாரு. எழுதிட்டு ஆளையும் அனுப்புறாரு. கடன நான் அடைக்கிறேன், நீ இங்கயே இருந்துக்கோன்னு சொல்லல. அப்பா கடன நான் அடைக்கலாம். அப்பாவுக்காக நான் போய் நிக்க முடியுமா?

29 மார்ச், பெரிய வெள்ளி

ஊர்லதான் இருக்கேன். மூணு மணி நேர ஆராதனை, ஏழு வார்த்தை. முதல் வார்த்தைக்கு, 'தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே'. எனக்கு அங்கயே நின்னுபோச்சு. நாங்க அறிஞ்சுதான செஞ்சோம்.

சாயங்காலம் அப்பாகிட்ட சொன்னேன். காது கேக்காது, மிஷின் மாட்டிக்க மாட்டாங்க, அதனால சத்தமா சொல்ல வேண்டியிருந்துச்சு. ரகசியமா சொல்லலாம்னு நினைச்ச பாவ அறிக்கைய தெரு கேக்கக் கத்தினேன். பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பாத்தாங்க.

அப்பா ஒண்ணும் சொல்லல. டிவிய நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம், யாவாரம்னா அப்படித்தாம்ல, எல்லாரும் செஞ்சதுதான்னாங்க. அப்புறம் படுத்துட்டாங்க. அவ்வளவுதான். யாராவது ஏதாவது நடந்துச்சான்னு கேட்டா, இதுதான் நடந்துச்சு.

7 ஏப்ரல்

சென்னை வந்தாச்சு. அந்தக் கல்லு எங்கன்னு கேட்டிருந்தீங்க. ஊர் வீட்லதான் இருக்கு. பின் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கு. முப்பது வருஷமா கால்ல இடிச்சுக்கிட்டு இருக்கேன்.

9 ஜூன்

இந்த இழைய மறந்திருப்பீங்க. நேத்து அப்பா போன் பண்ணினாங்க. அவங்களா பண்றது வருஷத்துக்கு ரெண்டு தடவ, கரண்டு பில்லுக்கும் பொங்கலுக்கும். பெங்களூர்ல மழையான்னு கேட்டாங்க (நான் சென்னை). கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, வச்சுட்டாங்களோன்னு பாத்தேன்.

"அந்தப் புள்ள எத்தன வருஷம்னு சொல்லுச்சு?"

பதினோரு வருஷம்னேன். சத்தமா.

"தப்பு. பதினாலு. சுவரு புது வீடு கட்டினப்ப வச்சது, அவன் அதுக்கு முன்னயே நமக்குத்தான் போட்டான்."

அப்புறம் வச்சுட்டாங்க.

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். சீசனுக்கு 72 கிலோ, பதினாலு சீசன், 1008 கிலோ. ஆயிரத்தெட்டுன்னு வந்ததப் பாத்து நானே இன்னொரு தடவ தட்டிப் பாத்தேன். 3,02,400. அஞ்சுல ஒண்ணு 60,480. மொத்தம் 3,62,880. குடுத்தது 77,760. பாக்கி 2,85,120.

காலைல அப்பா திரும்ப போன். பேங்க்ல ஒரு டெபாசிட் கிடக்கு, அதுல எடுக்கணும், கையெழுத்து இப்ப சரியா வரமாட்டேங்குது, வந்து கூட்டிட்டுப் போன்னாங்க. அக்கவுண்ட்ல போட்டுடலாமேன்னேன். வேண்டாம்னுட்டாங்க. நாசரேத்துக்கு பஸ்ஸா ஆட்டோவான்னு மட்டும் கேட்டாங்க, இடுப்பு வலிக்குதாம்.

வெள்ளிக்கிழமை டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் 14ல இருக்கு.